மருந்து இருக்கிற நோய்

விழுப்புரம்
8.7.2024

அன்புள்ள தம்பி புஷ்பதந்தனுக்கு,

அக்கா சந்திரவதி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அங்கே உன் தொண்டையும் உன் கோபமும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை.

நீ அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போனில் செய்தி அனுப்பலாம் என்றால் உன் போன் ஜினேஷ் கையில் இருக்கிறது. போன வாரம் உனக்கு எழுதியதை உன் மகன் உறவுக்காரர் குழுவில் போட்டுவிட்டான். 'அத்தையின் ஆறுதல் மொழிகள்' என்று தலைப்பு வேறு. ரிட்டையர் ஆன பிறகு இந்தப் புகழெல்லாம் எனக்கு எதற்கு? ஆகவே காகிதத்தில் எழுதுவோம். பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்தே அன்றைக்கு வீட்டில் அடி வாங்கி வந்தவன் யார் என்று கண்டுபிடித்தவள் நான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். தபாலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகட்டும்.

புற்றுநோய் என்றாலும் குணமாகிற நிலையில்தான் கண்டுபிடித்திருக்கிறோம் என்று டாக்டர் சொன்னதை மறக்காதே. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கதிர் வைத்தியத்தோடு, மனசுக்கு ஆலோசனை சொல்லவும் ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவரையும் பார். ஓர் உதாரணம் சொல்கிறேன். என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கணக்குப் பரீட்சையன்று தவறாமல் வயிறு வலிக்கும். வலி பொய்யில்லை, ஆனால் மாத்திரை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "எந்தக் கணக்கும்மா?" என்று கேட்டேன். ஒரே ஒரு கணக்குதான், வகுத்தல்.

நான் வந்து கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டுமா?

உன் நலம் நாடும்,
அக்கா


திண்டிவனம்
13.7.2024

அக்காவுக்கு,

சௌக்கியம் விசாரித்திருக்கிறாய். சௌக்கியம் இல்லை. தெரிந்துகொண்டே கேட்கிறாய். அடுத்த கடிதத்தில் அந்த வரியை விட்டுவிடு.

பார்க்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள். எனக்கு எச்சில் விழுங்கவே வலிக்கிறது. கொண்டுவந்தவர்களே என் எதிரில் உட்கார்ந்து வெட்டித் தின்றுவிட்டுப் போகிறார்கள். என் மச்சான் ஜீவராஜ் அனந்தபுரத்திலிருந்து வேலை மெனக்கெட்டு வந்தான். "இதெல்லாம் இப்ப சாதாரணம் மாமா. எங்க தெருவுலயே ஒருத்தருக்கு இருந்துச்சி. ஜம்முனு நடந்துக்கினு இருந்தாரு, போன மாசம் வரைக்கும்" என்றான். போன மாசம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

முப்பது வருஷம் மல்லாட்டை மண்டி நடத்தியவன் நான். மூட்டைக்குள் கையை விட்டாலே கடலையில் சொத்தை எவ்வளவு என்று தெரியும். இவர்கள் கொண்டு வருகிற ஆறுதல் மூட்டையில் நல்ல பருப்பு ஒன்றுகூட இல்லை.

நீ சொன்ன ஆலோசனைக்காரியையும் பார்த்தேன். மலர்விழி என்று பேர். நேற்றுத்தான் காலேஜ் முடித்தவள் மாதிரி இருக்கிறாள். ஜுரம் பார்க்கிற கருவி மாதிரி படம் போட்ட காகிதத்தைக் கொடுத்து, "மனசுல கஷ்டம் எவ்வளவு இருக்குன்னு பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு கோடு போடுங்க சார்" என்றாள். பூஜ்யத்தில் போட்டுக் கொடுத்தேன். "நல்லா இருக்கிற எங்களுக்கே மூணு நாலு வருமே சார்" என்றாள். அது உன் பாடு என்று எழுதிக் காட்டினேன். கோபப்படாமல் சிரித்தாள். அதற்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

நீ வராதே. வந்தால் நீயும் ஆப்பிள் தின்கிறவர்களில் ஒருத்தி ஆகிவிடுவாய். உன் உதாரணங்களையும் கொஞ்சம் குறைத்துக்கொள். நான் எட்டாம் வகுப்பு இல்லை.

புஷ்பதந்தன்


விழுப்புரம்
17.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி அந்த வரியை விட்டுவிட்டேன். நீ வாய் ஓயாமல் ஏசுவதிலிருந்தே சௌக்கியம் புரிகிறது.

ஜீவராஜ் மாதிரி ஆட்களை ஆசிரியர் அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். யார் வீட்டில் என்ன துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார்கள். மறுநாள் டீ நேரத்தில் சொல்ல ஒரு கதை கிடைக்கும் அல்லவா? நமக்கு நேரவில்லை என்ற சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க அவர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அதைத்தான் நாம் அனுதாபம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆப்பிளையாவது வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல். சுஷ்மா சாப்பிடட்டும். உன் மருமகள் இளைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

பூஜ்யம் போட்டாய், சரி. ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாத விடைத்தாள் வந்தால் நான் இரண்டு தடவை பார்ப்பேன். இதுதான் இந்தக் கடிதத்தின் ஒரே உதாரணம்.

நான் வரவில்லை. நீ கூப்பிடும்போது வருகிறேன். நேற்று புதுச்சேரிக்குப் போயிருந்தேன், கண்ணாடி மாற்ற. வேறு விசேஷம் இல்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா


திண்டிவனம்
4.8.2024

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். வாய் முழுக்கப் புண். நர்ஸ் தேன் தடவச் சொன்னாள். ஜைனர் வீட்டில் தேன் தொடுவதில்லை என்று எழுதிக் காட்டினேன். "ஏன் சார், சுகரா?" என்றாள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்திருக்கிறது. எடை குறைந்துகொண்டே போகிறது, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு ராத்திரியிலும் கஞ்சி ஊற்ற வேண்டும் என்றார் டாக்டர். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிற குடும்பம் நம்முடையது. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். துணைக்கு வந்திருந்த ஜீவராஜ் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா முடிவு பண்ணிட்டாரு" என்றான். மறுநாள் காலைக்குள் அனந்தபுரம் தொடங்கி ஓமந்தூர் வரைக்கும் செய்தி போய்விட்டது. நான் சல்லேகனை எடுத்துவிட்டேனாம். முனிவர்கள் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அமைதியாக உயிரைத் துறப்பார்களே, அதை. மல்லாட்டை வியாபாரி நான்!

இப்போது ஆப்பிள் நின்றுவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். எதிர் மண்டி சக்கரபாணி, என் தராசு பொய்த் தராசு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து காலில் விழுந்தான். "உங்க அருமை தெரியாம பேசிட்டேன் ஐயா" என்றான். ஐயாவாம். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே போனவன், "மண்டிய வாடகைக்கு வுடற மாதிரி இருந்தா ஜல்தியா சொல்லுப்பா" என்று ஜினேஷிடம் கேட்டது என் காதில் விழுந்தது. தொண்டையில்தான் நோய், காதில் இல்லை.

ஜினேஷ் முப்பது நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டிருக்கிறான். தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்க எந்தப் போட்டோ நன்றாக இருக்கும் என்று சுஷ்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீ சிரிப்பாய் என்றுதான் இவ்வளவு எழுதினேன். சுஷ்மா கஞ்சி கொண்டு வந்திருக்கிறாள். கீழே வைக்கச் சொன்னேன்.

புஷ்பதந்தன்


விழுப்புரம்
7.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

சிரித்தேன். சக்கரபாணி விழுந்து எழுந்ததை நினைத்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கடைசி வரியைத் திரும்பப் படித்தேன்.

கஞ்சியைக் கீழே வைக்கச் சொன்னாய். அப்புறம்?

வந்தவன், போனவன், விழுந்தவன் எல்லோரையும் எழுதியிருக்கிறாய். நீ என்ன சாப்பிட்டாய் என்பதை மட்டும் எங்கும் காணோம். குழாய் வேண்டாம் என்றதற்கு ராத்திரிச் சாப்பாடுதான் காரணமா? அப்படியானால் அதற்கு வழி இருக்கும். கேட்டுப் பார்க்கலாம். வேறு காரணம் என்றால் அதையும் எழுது.

கண்ணாடிக் கடையில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை புதுச்சேரி போகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


திண்டிவனம்
19.8.2024

அன்புமிக்க சகோதரி சந்திரவதி அவர்களுக்கு,

தங்கள் மடல் கிடைத்தது. தாங்கள் நலமுடன் வாழ அருகனை வேண்டுகிறேன்.

உலகில் எதுவும் நிலையில்லை. உடம்பு ஒரு சட்டை. கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்று இப்போது தெளிந்துவிட்டேன். எடை குறைந்ததால் கதிர் வைத்தியத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நானும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இளநீர் மட்டும் அருந்துகிறேன்.

வருகிறவர்கள் அன்பால் வருகிறார்கள். அவர்களைப் பற்றி நான் முன்பு எழுதியதெல்லாம் அறியாமை. ஜீவராஜ் ஒரு நல்ல ஆத்மா. சக்கரபாணியும் அப்படியே. திருநாதர்குன்றில் அந்தக் காலத்தில் நோன்பிருந்தவருடைய பெயர் பாறையில் இருப்பதைப் போல என் பெயரும் நிற்கும் என்று ஜீவராஜ் சொன்னபோது எல்லோர் கண்ணிலும் நீர் வந்தது. ஜினேஷ் அனைவருக்கும் காப்பி கொடுத்தான்.

எனக்கு எந்தக் கவலையும் இல்லை. அந்தப் பெண்ணின் காகிதத்தில் இப்போதும் பூஜ்யம்தான்.

தங்கள்,
புஷ்பதந்தன்


விழுப்புரம்
21.8.2024

புஷ்பதந்தனுக்கு,

யார் எழுதிய கடிதம் அது? கையெழுத்து உன்னுடையது. கோணல் மாணலாக, காய்ச்சல்காரன் எழுதியது போல. வார்த்தைகள் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவனுடையவை.

நீ எல்லோரையும் திட்டி எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குத் தூக்கம் வந்தது. ஜீவராஜை நல்ல ஆத்மா என்று எழுதினாய் பார், அன்றைக்குப் போயிற்று தூக்கம்.

சல்லேகனையைப் பற்றி எனக்கும் தெரியும். நம் பெரியவர்கள் அதை முப்பது நாற்காலி போட்டு வைக்கவில்லை. வைத்தியமே இல்லாத நோய் வந்தவர்களுக்கு அது. மருந்து இருக்கிற நோய்க்கு அந்த விரதம் கிடையாது. செத்தால் தேவலை என்று நினைப்பவனுக்குக் கிடையாது. பயந்தவனுக்கும் கிடையாது. குருவிடம் கேட்டுப் பெற வேண்டும். நீ எந்தக் குருவிடம் கேட்டாய்? காப்பி குடித்துக்கொண்டு அழுத அனந்தபுரத்து மச்சானிடமா? உண்மையாகவே அந்த விரதத்தை ஏற்றவர்கள் முன்னால் நான் தலை வணங்குவேன். அதைப் போர்வையாக இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறவன் முன்னால் வணங்க மாட்டேன். பரீட்சை எழுத வராத பையன் பட்டத்தைத் துறந்தேன் என்று சொன்னால் என் வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள்.

விரதம் எடுக்கிறவன் முதலில் தன்னால் நோகடிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சுஷ்மாவிடமிருந்து தொடங்கு. "நான் கஞ்சி குடுத்தா மாமா விரதத்தை கெடுத்த பாவம் எனக்குன்னு சொல்றாங்க அத்தை. குடுக்கலன்னா அவரு செத்துப் போயிடுவாரே" என்று அந்தப் பெண் அழுகிறாள். இப்படி ஒரு கணக்கை அவள் தலையில் கட்டிவிட்டு உனக்குப் பூஜ்யமா?

உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் ஒரு சாவுக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்காகவா நீ போக வேண்டும்?

எந்தக் கணக்கு தம்பி? அதை மட்டும் சொல்.

சந்திரவதி


விழுப்புரம்
28.8.2024

தம்பிக்கு,

பதில் இல்லை. தபால்காரர் பெரியசாமி என் வீட்டைத் தாண்டும்போது, "இன்னிக்கும் இல்ல டீச்சர்" என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டுப் போகிறார்.

கடுமையாக எழுதினேன். அதற்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு தகவல் விட்டுப்போயிற்று. குழாயில் கொடுப்பதைப் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ளலாம். அளவைக் கூட்டி, பகலிலேயே எல்லா வேளையும் கொடுத்துவிட முடியும் என்று ஆஸ்பத்திரியில் உணவு சொல்கிற அம்மா சொல்லிவிட்டார். தேன் இல்லை, கிழங்கு இல்லை. கேப்பை, பாசிப்பயறு, பால். யார் போய்க் கேட்டார்கள் என்று கேட்காதே.

ஆகவே ராத்திரிச் சாப்பாடு என்ற காரணம் இனி இல்லை. மிச்சம் இருப்பதை எழுது.

அக்கா


திண்டிவனம்
31.8.2024

அக்கா,

ஜினேஷின் அம்மாவுக்குக் கடைசியில் குழாய் விட்டார்கள். அவள் கையைத் தட்டித் தட்டி விட்டாள். கையைப் பிடிங்க சார் என்றார்கள். பிடித்துக்கொண்டது நான்தான். அவளுக்கு மூச்சு முட்டியது. என்னைப் பார்த்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் குழாய் என் மூக்கில் போகிறது. என் கையை ஜினேஷ் பிடித்திருக்கிறான்.

பயமாக இருக்கிறது. இதை எந்தப் பத்துக்குள் போடுவது?

ஜினேஷுக்குத் தெரிய வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு.


விழுப்புரம்
3.9.2024

என் தம்பிக்கு,

கிழித்துவிட்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடுவேன். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் எனக்குச் சரியாகப் பேச வராமல் போகலாம்.

எனக்கு எழுதியதை அப்படியே மலர்விழியிடம் சொல். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். யாரும் உன் கையைப் பிடிக்க மாட்டார்கள். நீ கையைத் தூக்கினால் அவர்கள் நிறுத்த வேண்டும். எத்தனை தடவை தூக்கினாலும் நிறுத்த வேண்டும். அப்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாமாம். அதற்குத்தான் அந்தப் பெண் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

உன் மனைவிக்கு மருந்து இல்லாத நோய். உனக்கு மருந்து இருக்கிற நோய். குழாய் ஒன்றுதான், நோய் வேறு.

ஆப்பிள் கொண்டுவர மாட்டேன்.

அக்கா


திண்டிவனம்
20.11.2024

அக்காவுக்கு,

நீ விழுப்புரம் திரும்பியதிலிருந்து வீட்டில் நிம்மதி. உதாரணம் கேட்காமல் காது ஓய்வெடுக்கிறது.

போன வாரம் குழாயை எடுத்துவிட்டார்கள். மறுபடி தொடங்கிய கதிர் வைத்தியம் முடிந்ததையும், இப்போதைக்குத் தொண்டை சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதையும் சுஷ்மா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். அந்தக் குழாயை விட்ட அன்றைக்கு நீ வராந்தாவில் நின்றாய், உனக்கு உள்ளே நடந்தது தெரியாது. கையைத் தூக்கினேன், நிறுத்தினார்கள். மறுபடி தூக்கினேன், நிறுத்தினார்கள். அதற்கு மேல் தூக்க எனக்கே வெட்கமாகிவிட்டது. அதற்குள் அது உள்ளே போய்விட்டது. மலர்விழி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றாள். பேசாமல் நிற்பதற்கு அவளுக்குச் சம்பளம். பரவாயில்லை, கொடுக்கலாம்.

ஜினேஷையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். வெளியே வந்து, "எதையாவது செஞ்சிக்கினே இருந்தா அழுகை வராதுன்னு நெனச்சேன்பா, அதான் நாற்காலி கீற்காலின்னு..." என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதான். மூக்கைச் சிந்திக்கொண்டு கேவலமாக அழுகிறான். அவன் அம்மா மாதிரியே.

நான் பிழைத்துக்கொண்டதில் உறவுக்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம். குழாய் விட்ட செய்தி போனதும் ஜீவராஜ் வருவதை நிறுத்திவிட்டான். "மாமா கடைசில சறுக்கிட்டாரு" என்று அனந்தபுரம் சந்தையில் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். பிழைக்கிறவனைப் பார்க்க எவனுக்கும் பஸ் ஏற மனசு வருவதில்லை. சக்கரபாணி மறுபடி என் தராசு பொய் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். கேட்கவே தெம்பாக இருக்கிறது.

ஜினேஷ் அந்த ஃபிளெக்ஸை அடித்தே விட்டிருக்கிறான், பரண் மேல் ஒளித்து வைத்திருந்தான். எட்டடி நீளம், நல்ல கனம். வீணாக்கவில்லை. மழைக்கு மல்லாட்டை மூட்டைகள் மேல் போர்த்தியிருக்கிறேன், என் முகம் உள்பக்கம் இருக்கும்படி.

நேற்று பொழுது இருக்கும்போதே சுஷ்மா கேப்பைக் கூழ் கொடுத்தாள். ஒரு டம்ளர், வாய் வழியாக. நாக்கு இன்னும் செத்துத்தான் கிடக்கிறது, ருசி தெரியவில்லை. இருந்தாலும் உப்பில்லை என்று சொன்னேன். "அதானே பார்த்தேன், இன்னும் ஆளைக் காணோமேன்னு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நேரம் மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது உன் விஷயம். ஜூலையிலிருந்து புதுச்சேரியில் கண்ணாடி மாற்றுகிறாய். உன் எழுத்து இன்னும் கோட்டைத் தாண்டித்தான் ஓடுகிறது. இங்கே சுஷ்மா புதன்கிழமை தோறும் அம்மா வீட்டுக்கு என்று கிளம்பி, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். சக்கரபாணிக்கு அடுத்தவன் வீட்டுப் பெண் எந்த பஸ்ஸில் ஏறுகிறாள் என்பதுதான் முக்கியம். அவன் சொன்னான். மலர்விழியிடம் கேட்டேன். "வேற யாரு வர்றாங்க, என்ன பேசுறாங்கன்னு சொல்ல மாட்டேன் சார்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். முதல் தடவையாக அந்தப் பெண்ணிடம் எனக்கு மரியாதை வந்தது.

பயத்தையெல்லாம் காகிதத்தில் எழுதுங்கள் என்று மலர்விழி சொன்னதும், மிச்சத்தை எழுது என்று நீ சொன்னதும் ஒன்றேதான். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நேற்று அவளுடைய காகிதத்தில் ஐந்தில் கோடு போட்டேன். உன் ஆறு கடிதத்தையும் எடுத்து வைத்துப் படித்துப் பார்த்தேன். நோய் என்னுடையது, ஆனால் குழாய்க்கும் கூழுக்கும் சுஷ்மாவுக்கும் அலைந்தவள் நீ. அதில் ஒன்றிலாவது உனக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை வா. வருவதற்கு முன் ஒரு வரி பதில் போடு. பூஜ்யம் என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அக்கா, நீ சௌக்கியமா?

தம்பி